பருவுக்கு ஒன்று, மங்குக்கு வேறொன்று: எந்த சீரம் யாருக்கு?

மாநிறத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. எங்கே புண்படுகிறதோ அங்கே கறுக்கும். கொசு கடித்து ஆறிய இடம், கிள்ளிவிட்ட பரு, த்ரெடிங்கின்போது நூல் உரசிய மேலுதடு எல்லாம் சில வாரம் கறுத்துக் கிடந்துதான் பழைய நிறத்துக்குத் திரும்பும். முகத்தில் பூசும் சீரம் வாங்கும்போது இதை மறந்தால் மற்ற கணக்கெல்லாம் தப்பிப்போகும். சதவீதம் கூடினால் பலனும் கூடும் என்று நினைத்து வாங்குகிறோம். முகம் எரிகிறது. எந்தக் கறுப்பைப் போக்க வாங்கினோமோ அதே கறுப்பு இன்னும் அழுத்தமாக வந்து உட்காருகிறது. அதனால் ஒரு சீரம் வேலை செய்யுமா என்று கேட்பதோடு, எரிக்காமல் செய்யுமா என்றும் கேட்டாக வேண்டும். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான்.

இந்தச் சதவீதப் போட்டி பழையதல்ல. கனடாவின் தி ஆர்டினரி பிராண்டு 2016இல் நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) 10 சதவீதம், ஜிங்க் (துத்தநாகம்) 1 சதவீதம் என்று மருந்துச் சீட்டு போலப் புட்டியின் முகப்பிலேயே அச்சிட்டு விற்றது. 2020இல் ஜெய்ப்பூரிலிருந்து வந்த மினிமலிஸ்ட் உள்ளிட்ட இந்திய பிராண்டுகளும் அதே வழியில் போயின. எதை வாங்குகிறோம் என்று தெரிவது நல்லதுதான். ஆனால் 10ஐப் பார்த்தவர்களுக்கு 5 மட்டமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

தோல் வகையை முதலில் பார்த்துவிடலாம். மென்மையான ஃபேஸ்வாஷில் முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, எதுவும் பூசாமல் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் இருங்கள். வெயிலில் நடந்து வந்த கையோடு பார்க்க வேண்டாம். வியர்வையை எண்ணெய் என்று எடுத்துக்கொள்வீர்கள். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் கலவைத் தோல். கன்னமும் சேர்ந்து மினுங்கினால் எண்ணெய்த் தோல். சிரிக்கும்போது கன்னம் இழுத்தால் வறண்ட தோல். மினுமினுப்பும் இழுப்பும் ஒன்றாக இருந்தால் ஃபேஸ்வாஷ் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். சீரத்துக்கு முன் அதை மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே அடங்கும்.

தோல் வகை தீர்மானிப்பது சீரம் தண்ணீர் போல இருக்க வேண்டுமா, கொழகொழப்பாகவா, எண்ணெய்ப் பதமாகவா என்பதைத்தான். உள்ளே எந்த மருந்துப் பொருள் வேண்டும் என்பது குறையைப் பொறுத்தது. ‘ஆயிலி ஸ்கின் சீரம்’ என்று மட்டும் எழுதியிருக்கும் புட்டி நமக்கு எதையும் சொல்வதில்லை.

பருவும், பரு விட்டுப்போன கறையும்

பருவில் பல ரகம். எல்லாவற்றுக்கும் ஒரே புட்டி ஆகாது.

மூக்கிலும் தாடையிலும் சொரசொரவென்று நிற்கும் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் துவாரம் அடைத்ததால் வருபவை. இவற்றுக்குச் சாலிசிலிக் ஆசிட் சரியான தேர்வு. எண்ணெயில் கரையும் பொருள் என்பதால் அடைத்த துவாரத்துக்குள் இறங்கி, ஒட்டிக்கிடக்கும் செத்த தோலைப் பிரித்துவிடும். 2 சதவீதம் போதும், வாரத்தில் இரண்டு மூன்று இரவு போதும். ஃபேஸ்வாஷிலும் சாலிசிலிக், டோனரில் தோலை உரிக்கும் கிளைகாலிக் ஆசிட், அதன்மேல் சாலிசிலிக் சீரம் என்று அடுக்கினால்தான் வம்பு. பத்து நாளில் மூக்கோரம் உரியத் தொடங்கும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் சாலிசிலிக்கைத் தொடவே வேண்டாம்.

சிவந்து, சீழ் கோத்து நிற்கும் பருவுக்கு சீரத்தைவிட 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல் விரைவாக வேலை செய்யும். தலையணை உறையையும் துண்டையும் வெளுத்துவிடும், வெள்ளைத் துணியாகப் பயன்படுத்துங்கள். தாடையோரம் ஆழமாக, தொட்டால் வலிக்கும் கட்டிகள் வருகின்றன, மாதவிடாயும் தள்ளித்தள்ளிப் போகிறது என்றால் அது பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அங்கே மருத்துவர்தான்.

நெற்றி முழுக்க ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வருவது பெரும்பாலும் பருவே அல்ல. மலாசிசியா என்ற பூஞ்சை முடிக்கால்களில் பெருகுவதால் வருவது. வியர்வை காயாத கரையோர ஊர்களில் இது சகஜம். இதற்கு எண்ணெய்ப் பதமான சீரம் போட்டால் தீனி போட்டது போல ஆகும். பூஞ்சைக்கான மருந்துதான் கேட்கும். கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழிந்தாலும் மயிர்க்கோட்டை ஒட்டிப் பரு வரும். ஒரு மாதம் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் எண்ணெய் வைத்து அலசிப் பாருங்கள். சீரம் செலவே மிச்சமாகலாம்.

பரு ஆறியபின் நிற்கும் கறைக்கு வருவோம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். சமமாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால் சீரத்துக்கு வேலை இருக்கிறது. குழி தட்டுப்பட்டால் எந்த சீரமும் அதை நிரப்பாது. நுண்ணூசியால் குத்தும் மைக்ரோநீட்லிங், லேசர் என்று தோல் மருத்துவர் செய்யும் சிகிச்சைகள்தான் வழி.

நிறக் கறைக்கு முக்கியமாக மூன்று பொருள்கள் போட்டியிடுகின்றன. நியாசினமைடு, அசெலாயிக் ஆசிட், ஆல்ஃபா ஆர்புட்டின்.

தோலின் அடியில் உள்ள செல்கள் மெலனின் நிறமியைச் செய்து மேலே உள்ள செல்களுக்கு அனுப்புகின்றன. நியாசினமைடு இந்த அனுப்பலைக் குறைக்கிறது. ஆர்புட்டினும் அசெலாயிக்கும் நிறமி செய்யும் டைரோசினேஸ் நொதியையே மந்தப்படுத்துகின்றன. வேலை செய்யும் இடம் வேறு வேறு என்பதால் நியாசினமைடோடு மற்ற இரண்டில் ஒன்றைச் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆர்புட்டினையும் அசெலாயிக்கையும் சேர்ப்பதில் அவ்வளவு இல்லை.

நியாசினமைடு பலன் தருவதாகக் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீத அளவில் நடந்தவை. 10 சதவீதத்தில் சிலருக்கு முகம் சிவந்து, கன்னம் நமநமக்கும். எனவே 5 சதவீதப் புட்டி கிடைத்தால் 10ஐ விட்டு அதை எடுங்கள். அமிலத்தன்மை இல்லாததால் கூசாது. எண்ணெய்ச் சுரப்பையும் ஓரளவு குறைக்கும், காலை இரவு இரண்டு வேளையும் போடலாம். இதுவரை சீரமே போடாதவர்களுக்கு முதல் புட்டியாக இதைத்தான் சொல்வோம்.

அசெலாயிக் 10 சதவீதம் கறையோடு பருவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். பரு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, பழைய கறையும் போகவில்லை என்பவர்களுக்கு இந்த மூன்றில் சிறந்தது இதுவே. கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தத் தக்கது என்று மருத்துவர்கள் கருதும் சிலவற்றில் ஒன்று. குறை என்னவென்றால், முதல் இரண்டு வாரம் பூசியதும் சுருக்சுருக்கென்று அரிக்கும். ஈரம் காய்ந்த முகத்தில், மாய்ஸ்சரைசருக்கு மேலே பூசினால் அது குறையும். 15, 20 சதவீதம் என்பது மருந்து. மருத்துவர் எழுதித் தரட்டும்.

ஆல்ஃபா ஆர்புட்டின் 2 சதவீதம் சாது. எரிக்காது, அவசரமும் படாது. எண்ணெய்க்கோ பருவுக்கோ ஒன்றும் செய்யாது. பரு நின்றுவிட்டது, கறை மட்டும்தான் மிச்சம், தோலோ எதையும் தாங்காது என்பவர்களுக்கு உகந்தது.

எதை எடுத்தாலும் 8 முதல் 12 வாரம் கொடுங்கள். வாரம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்தால்தான் மாற்றம் தெரியும். பழுப்பாக இருக்கும் கறை மேல்தோலில் இருக்கிறது, போகும். சாம்பல் நீலமாகத் தெரிவது ஆழத்தில் இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கணக்கில்கூட ஆகலாம்.

வைட்டமின் சி: நல்ல பொருள், நம் வெயிலுக்கு ஆகாத புட்டி

வைட்டமின் சி சீரம் என்ற பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கின்றன. ஒன்று சுத்தமான எல்-அஸ்கார்பிக் ஆசிட். இது தோலுக்குள் போக வேண்டுமானால் சீரத்தின் பிஎச் 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது நல்ல புளிப்பு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழுவினர் செய்த ஆய்வில், 20 சதவீதத்துக்கு மேல் போனால் உறிஞ்சப்படும் அளவு கூடவில்லை. அதே குழு 2005இல், 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ ஆகியவற்றோடு 0.5 சதவீத ஃபெரூலிக் ஆசிட் சேர்த்தால் வெயில் பாதிப்பிலிருந்து கிடைக்கும் காப்பு இரட்டிப்பாகிறது என்று காட்டியது. இன்று பல கம்பெனிகள் விற்கும் ‘சி, ஈ, ஃபெரூலிக்’ கூட்டு அங்கிருந்து வந்ததுதான்.

ஆய்வுகளில் வலுவான இந்தப் பொருள், காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் கெட்டுவிடும். மே மாதம் டெலிவரி வண்டியில் கிடந்து, பிறகு குளியலறை அலமாரியில் நிற்கும் சொட்டுக்குழல் புட்டி எத்தனை நாள் தாங்கும்? நிறத்தைப் பாருங்கள். தெளிவாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் சரி. தேநீர் நிறத்துக்குப் போய்விட்டால் தூக்கிப் போடுங்கள். பலன் இருக்காது, முகத்திலும் மஞ்சள் சாயம் ஒட்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. தண்ணீர்ப் பதமான சீரத்தில் 1 மி.லி.க்குச் சுமார் 20 சொட்டு. 30 மி.லி. புட்டியில் 600. நாளுக்கு 4 சொட்டு போட்டால் 150 நாள், ஐந்து மாதம் வரும். திறந்த எல்-அஸ்கார்பிக் புட்டி மூன்று மாதம் நன்றாக இருந்தாலே பெரிது. ஐந்தில் இரண்டு பங்கு வீண். ஆகவே 10 அல்லது 15 மி.லி. புட்டியாக, கறுப்புக் கண்ணாடியில் அல்லது காற்றுப் புகாத பம்ப்பில் வருவதை வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள்.

இன்னொரு சரக்கு வைட்டமின் சியின் மாற்று வடிவங்கள். எத்தில் அஸ்கார்பிக் ஆசிட், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட், அஸ்கார்பில் குளுக்கோசைடு என்று பொருள் பட்டியலில் இருக்கும். இவற்றுக்குப் பின்னால் உள்ள ஆய்வு குறைவு. ஆனால் புளிப்பு குறைவு, சீக்கிரம் கெடுவதில்லை. ஏ.சி. இல்லாத வீடு, எளிதில் எரியும் தோல், ஒரு புட்டியை அரை வருடம் ஓட்டும் பழக்கம் என்று மூன்றில் எது பொருந்தினாலும் இதுவே நடைமுறைக்கு ஏற்றது. எண்ணெய்த் தோலும் உறுத்தாத முகமும் உள்ளவர், 15 சதவீத எல்-அஸ்கார்பிக்கை மூன்று மாதத்தில் தீர்ப்பார் என்றால் அதையே எடுக்கலாம்.

எலுமிச்சையைப் பிழிந்து தடவினால் இதே பலன் வரும் என்ற யோசனை வேண்டாம். புளிப்பு சுடும், அதன் மேல் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துவிடும். நியாசினமைடும் வைட்டமின் சியும் சேரக்கூடாது என்ற பயமும் தேவையில்லை. இன்றைய சீரங்களில் அந்தச் சண்டை கிடையாது. ஒன்று காலை, ஒன்று இரவு என்று பிரித்துக்கொண்டால் முகத்துக்கும் இதம்.

மங்கு

கன்ன எலும்பு, நெற்றி, மேலுதடு என்று இரு பக்கமும் ஒரே மாதிரி படரும் மங்குக்கு சீரம் இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்ப வழி எல்லாம் இதைக் கிளப்பும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட மாநிறத் தோலில் மங்கைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதை மறைக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் உள்ள டின்டட் சன்ஸ்கிரீன்தான் மறைக்கும். கையில் ஒரு சீரத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், மங்கு உள்ளவர் அதை இந்த சன்ஸ்கிரீனுக்குக் கொடுக்கட்டும். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவு.

அதற்கு மேல் சீரம் என்றால் டிரானெக்சாமிக் ஆசிட் 3 சதவீதம் அல்லது அசெலாயிக். கோஜிக் ஆசிட் 1 சதவீதத்துக்கு மேல் போனால் உறுத்தும். கிளைகாலிக் 10 சதவீதம் போன்ற உரிக்கும் சீரங்களை மங்கின் மேல் போடுவது சூதாட்டம். உரிந்து வெளுத்தது போலத் தெரியும், எரிந்த இடத்தில் திரும்பக் கறுக்கும்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் கொடுக்கும் ‘மூன்று மருந்து’ கிரீம்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு என்ற கூட்டு அது. சில வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிடும், அதனால்தான் பலரும் மயங்குகிறார்கள். மருத்துவர் குறித்த சில வாரங்களுக்கு மட்டும் போட வேண்டியதை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, ரோமம் வளர்ந்து, நிறுத்தியதும் பரு பொங்கும். டியூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் இருந்தால் அது அழகு சாதனம் அல்ல. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவந்தவர்கள் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டி நிறுத்துங்கள்.

வறட்சி

ஹயலூரானிக் ஆசிட் சீரத்தைப் பெரும்பாலோர் வாங்கத் தேவையில்லை. அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள். அதே வேலையைச் செய்யும் கிளிசரின் நல்ல மாய்ஸ்சரைசர்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஈர முகத்தில் பூசி உடனே மேலே மாய்ஸ்சரைசர் போட்டால்தான் ஹயலூரானிக்குக்குப் பலன். ஏ.சி. அறையில் காய்ந்த முகத்தில் அதை மட்டும் பூசினால் இழுப்பு கூடும். எண்ணெய்த் தோல், கிரீம் எதுவும் ஒத்துவராது, ஆனால் முகம் இழுக்கிறது என்பவருக்கு மட்டும் இது நல்ல வழி. மற்றபடி வறண்ட தோலுக்கு, தோலின் காப்புக் கொழுப்பான செராமைடு உள்ள மாய்ஸ்சரைசர்தான் முதல் செலவு.

முகச் சுருக்கம்: ரெட்டினாலா, கார்போகரிசியா

வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் தோலுக்குள் போய் இரண்டு படிகளில் ரெட்டினாயிக் ஆசிடாக மாறித்தான் வேலை செய்கிறது. மெல்லிய சுருக்கம், சீரற்ற நிறம், அடைத்த துவாரம் மூன்றுக்கும் உதவும். 0.2 அல்லது 0.3 சதவீதத்தில், வாரம் இரண்டு இரவு என்று தொடங்குங்கள். முகம் நன்றாகக் காய்ந்தபின் பட்டாணி அளவு. மூக்கோரம், வாயோரம், கண்கோடியில் முன்னதாக வாஸ்லின் தொட்டு வைத்தால் அங்கே உரியாது. வறண்ட தோல் என்றால் மாய்ஸ்சரைசர், ரெட்டினால், திரும்ப மாய்ஸ்சரைசர். வாக்சிங், த்ரெடிங் இருந்தால் அதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள், தோல் பிய்ந்து வரும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் ரெட்டினால் பக்கமே போகக்கூடாது.

தாங்காதவர்களுக்கு மாற்றாக விற்கும் பக்குச்சியால், நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியிலிருந்து பிரித்தெடுப்பது. 2019இல் வெளியான, 44 பேரிடம் 12 வாரம் நடந்த ஒப்பீட்டில், 0.5 சதவீத பக்குச்சியாலைத் தினம் இருவேளையும் 0.5 சதவீத ரெட்டினாலை ஒருவேளையும் பூசியபோது சுருக்கத்திலும் நிறத்திலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உரிதலும் எரிச்சலும் ரெட்டினாலில் அதிகம். சிறிய ஆய்வுதான். ரெட்டினாலுக்கு இருக்கும் பல ஆண்டு ஆதாரம் இதற்கு இல்லை. ஆனாலும் எரிந்தால் கறுக்கும் முகத்துக்கு இது யோசிக்கத்தக்க மாற்று.

அதற்காகக் கார்போகரிசியை வாங்கி அரைத்துப் பூசிவிடாதீர்கள். விதையில் சோரலென் இருக்கிறது. தோல் வெளுக்கும் வெண்புள்ளி நோய்க்கு (விட்டிலிகோ) அதை மருந்தாக்கியதே, வெயிலோடு சேர்ந்து தோலைக் கறுக்க வைக்கும் குணத்தால்தான். சீரத்துக்குள் வருவது அது நீக்கிய பக்குச்சியால்.

புட்டியைத் திருப்பிப் பாருங்கள்

முகப்பை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். பொருள் பட்டியல் அளவில் கூடியதிலிருந்து குறைந்ததற்கு இறங்கும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். ஃபீனாக்சிஎத்தனால் என்ற பாதுகாப்புப் பொருள் பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டாது. நியாசினமைடோ வைட்டமின் சியோ அதற்குப் பின்னால் இருந்தால் பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள். ரெட்டினாலுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது, அது 1 சதவீதத்துக்குக் கீழேயே வேலை செய்யும். வாசனைப் பொருளும் எசென்ஷியல் ஆயிலும் இருந்தால், உறுத்தும் தோல்காரர்கள் திரும்ப வைத்துவிடுங்கள். தயாரிப்புத் தேதியையும், மூடி திறந்த டப்பா படத்துக்குள் 6எம், 12எம் என்று இருக்கும் மாதக் கணக்கையும் பாருங்கள்.

சில கறுப்புகளுக்கு எந்தப் புட்டியும் ஆகாது. கழுத்து, நெற்றியோரம், கன்னப் பக்கம் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது உடல் இன்சுலினை எதிர்ப்பதன் அடையாளமாக இருக்கலாம். சீரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் முதலில் சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள்.

புதிய சீரத்தைத் தாடைக்கு அடியில் ஓரிடத்தில் ஒரு வாரம் தொடர்ந்து பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுவாருங்கள். வரிசை எளிது. கழுவுதல், தண்ணீர்ப் பதமான சீரம், மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன். அழிரப்பர் தூள் போல உருண்டு வந்தால் அளவு கூடிவிட்டது. சொட்டைக் குறைத்து, இடையே இரண்டு நிமிடம் காயவிடுங்கள்.

சாலிசிலிக்கோ ரெட்டினாலோ தொடங்கியபின் வழக்கமாகப் பரு வரும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக வந்து 4 முதல் 6 வாரத்தில் அடங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். இதுவரை பருவே வராத இடத்தில் வந்தால் அந்த சீரம் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது என்ற நிலை வந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றோடு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். திரும்பத் தொடங்கும்போது ஒரே ஒரு சீரம், வாரம் இரண்டு நாள். அடுத்ததைத் திறக்க இன்னும் நான்கு வாரம் போகட்டும். அப்போதுதான் முன்பு எரித்தது எது என்று பிடிபடும்.